மூளைக்குப் போகும் ரத்தத்தை எம்.ஆர்.ஐ.யில் அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘பெர்ஃப்யூஷன்’ என்று ஒரு தனிப் பத்தி இருக்கிறது. அது என்ன?

ரத்தக் குழாய்களைப் படம் எடுப்பது ஒன்று, மூளைத் திசுவுக்குள் போய்ச் சேரும் ரத்தத்தை அளப்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆஞ்சியோ என்று பெயர். குழாய் திறந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்பதை அது காட்டும். பெர்ஃப்யூஷன் இரண்டாவது வகை. குழாய் சுருங்கியிருந்தாலும் பக்கத்துக் குழாய்கள் வழியாகத் திசுவுக்குப் போதிய ரத்தம் வந்துகொண்டிருக்கலாம். பெரிய குழாய்கள் எல்லாம் நன்றாக இருந்தும் ஒரு பகுதிக்கு ரத்தம் குறைந்திருக்கலாம். ஆஞ்சியோவில் இது தெரியாது.

அளவைச் சொல்லும் விதம் கொஞ்சம் வினோதமாகத் தோன்றும்: 100 கிராம் மூளைக்கு, ஒரு நிமிடத்துக்கு, எத்தனை மில்லி லிட்டர் ரத்தம். ரிப்போர்ட்டில் வெறும் ‘52’ என்று எழுதியிருந்தால் இந்த அலகில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணமாக எவ்வளவு இருக்க வேண்டும்?

வளர்ந்தவர்களுக்கு மூளை முழுவதின் சராசரி 50-ஐ ஒட்டி இருக்கும். மேற்பரப்பில் உள்ள சாம்பல் நிறப் பகுதிக்கு 60 முதல் 80 வரை, உள்ளே உள்ள வெண்பகுதிக்கு 20-ஐ ஒட்டி. மொத்தமாகக் கணக்கிட்டால் நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் அளவில் ரத்தம் தலைக்கு ஏறுகிறது. உடல் எடையில் 2 சதவீதம்தான் மூளை. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் அது வாங்கிக்கொள்வது ஏறக்குறைய 15 சதவீதம்.

குழந்தைகளுக்கு இந்த எண் பெரியவர்களைவிட அதிகம்; பள்ளி சேரும் வயதை ஒட்டி உச்சத்தில் இருக்கும். பிறகு இறங்கி, முதுமையில் மெல்ல மெல்ல இன்னும் குறையும். சராசரியாகப் பெண்களுக்கு ஆண்களைவிடக் கொஞ்சம் கூடுதல்.

கீழ் எல்லைதான் மருத்துவத்தில் முக்கியம். 20-க்குக் கீழே போனால் நரம்பணுக்கள் வேலையை நிறுத்திவிடும், ஆனால் சாகாது. 10-க்குக் கீழே போனால் சீக்கிரமே சாகத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் திசுவைக் காப்பாற்றத்தான் பக்கவாத சிகிச்சையில் அவ்வளவு ஓட்டமும்.

எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன்னால் எப்படி அளந்தார்கள்?

இத்தாலியில் ஆஞ்சலோ மொஸ்ஸோ என்ற உடலியலாளர் 1880களில் ஓர் ஆளைத் தராசுப் பலகைமேல் படுக்க வைத்து, யோசிக்கும்போது தலைப்பக்கம் தாழ்கிறதா என்று பார்த்தார். கெட்டிக்கார யோசனைதான், ஆனால் அதில் எண் ஏதும் கிடைக்காது. எண்ணைத் தந்தவர்கள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சீமர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும். 1945-ல் தொடங்கிய அந்த முறையில், நைட்ரஸ் ஆக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, தமனியிலிருந்தும் கழுத்துச் சிரையிலிருந்தும் மாறிமாறி ரத்தம் எடுத்து, மூளை எவ்வளவு வாயுவை உறிஞ்சியது என்று கணக்கிட்டார்கள். இன்று நாம் சொல்லும் ‘சராசரி 50-ஐ ஒட்டி’ என்பது அங்கிருந்து வந்ததுதான். ஆனால் மூளை முழுவதற்கும் சேர்த்து ஒரே எண். எந்த இடத்தில் குறைவு என்று அதில் தெரியாது.

பிறகு வந்த பெட் ஸ்கேன் இடவாரியாகக் காட்டியது. கதிரியக்க ஆக்சிஜன் கலந்த தண்ணீரை ஊசியில் ஏற்றுவார்கள். அந்த ஆக்சிஜன் இரண்டு நிமிடத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். அதனால் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் அதே வளாகத்தில் இருந்தாக வேண்டும். இன்றும் துல்லியத்துக்கு அளவுகோல் அதுதான்; ஆனால் ஊருக்கு ஊர் அது கிடைக்காது.

எம்.ஆர்.ஐ.யில் எத்தனை வழிகள் உண்டு?

புழக்கத்தில் முக்கியமாக மூன்று: கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுப்பது, ஊசியே இல்லாமல் ரத்தத்துக்குக் காந்தத்தால் அடையாளமிட்டு எடுப்பது (ஏ.எஸ்.எல். என்பார்கள்), கழுத்தில் ஏறும் நான்கு தமனிகளில் ரத்தத்தின் வேகத்தை அளந்து மொத்தக் கணக்கு போடுவது. மூன்றாவது ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும், நம்பகமானதும்கூட. ஆனால் கெட்டியின் முறையைப் போலவே மொத்த எண் மட்டும்தான் தரும்.

கான்ட்ராஸ்ட் ஊசி முறையில் என்ன நடக்கிறது?

கையில் சற்றுப் பெரிய ஊசிக்குழாய் போட்டு, கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தை நொடிக்கு 4 அல்லது 5 மில்லி வேகத்தில் பம்ப் மூலம் செலுத்துவார்கள். கை குளிரும், அவ்வளவுதான். மெஷின் அதே நேரத்தில் ஒன்றரை நொடிக்கு ஒருமுறை மூளை முழுவதையும் படம் பிடித்துக்கொண்டே இருக்கும். மருந்து ஒரு இடத்தைக் கடக்கும்போது அங்கே படம் இருண்டு, பிறகு தெளியும். எவ்வளவு இருண்டது, எப்போது இருண்டது, எவ்வளவு நேரத்தில் தெளிந்தது என்பதிலிருந்து அந்த இடத்தின் ரத்தக் கொள்ளளவு, கடக்க எடுத்த நேரம், ஓட்டம் மூன்றும் கணக்காகும். கொள்ளளவை நேரத்தால் வகுத்தால் ஓட்டம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதில் கிடைக்கும் ஓட்டம் பெரும்பாலும் ஒப்பீடுதான்: ‘இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 40 சதவீதம் குறைவு’ என்று நம்பிச் சொல்லலாம். ‘இடப்பக்கம் 31’ என்று சொன்னால் நான் சந்தேகப்படுவேன்.

ஊசியே இல்லாமல் எப்படி அளக்க முடியும்?

ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர். எம்.ஆர்.ஐ. பார்ப்பதே தண்ணீரில் உள்ள ஹைட்ரஜனைத்தான். கழுத்தில், தமனிகள் நேராக மேலேறும் இடத்தில், ரேடியோ துடிப்புகளை விட்டு, அங்கே கடந்து போகும் ரத்தத்தின் ஹைட்ரஜன்களைத் தலைகீழாகப் புரட்டிவிடுகிறார்கள். இப்போது பரவலாக உள்ள முறையில், ஏறக்குறைய 1.8 நொடிக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு துடிப்புகள். புரட்டப்பட்ட ரத்தம் மேலே போய்த் திசுவில் சேர்வதற்குக் கொஞ்ச நேரம் காத்திருந்து, ஒரு படம். பிறகு புரட்டாமல் விட்டு இன்னொரு படம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், மூளைத் திசு இரண்டிலும் ஒன்றுபோல இருப்பதால் காணாமல் போய்விடும். மிஞ்சுவது அந்த இடைவெளியில் புதிதாக வந்து சேர்ந்த ரத்தம் மட்டும்.

1992-ல் ஜான் டெட்ரி, ஆலன் கொரெட்ஸ்கி உள்ளிட்ட ஓர் அமெரிக்கக் குழு இதை எலியின் மூளையில் செய்து காட்டியது. மருத்துவமனையில் நம்பிப் பயன்படுத்தும் நிலைக்கு வர இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. எந்த முறையில், எத்தனை நொடி என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பரிந்துரை 2015-ல்தான் அச்சில் வந்தது.

அவ்வளவு நாள் ஏன் ஆயிற்று?

மிஞ்சும் அந்த வித்தியாசம் மிகச் சிறியது. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓட்டம் 60 என்றால் 100 கிராமுக்கு நொடிக்கு 1 மில்லி. 1.8 நொடி அடையாளமிட்டால் 1.8 மில்லி வந்து சேர வேண்டும். ஆனால் இட்ட அடையாளம் அந்தக் கணமே தேயத் தொடங்குகிறது. 3 டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) மெஷினில் 1.65 நொடிக்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அடையாளமிடும்போதே தேய்வது கொஞ்சம், காத்திருக்கும்போது தேய்வது இன்னும் அதிகம். எல்லாம் போக மிஞ்சுவது மொத்த சிக்னலில் 0.7 சதவீதம்.

10 டன் லாரியை எடைமேடையில் ஏற்றி, டிரைவர் இருக்கும்போது ஒரு தடவை, அவர் இறங்கிய பிறகு ஒரு தடவை எடை பார்த்து, கழித்து, டிரைவர் 70 கிலோ என்று சொல்வதற்குச் சமம் இது. லாரி கொஞ்சம் ஆடினாலும் கணக்கு போச்சு. அதனால்தான் ஒரே ஜோடிப் படத்தோடு விடாமல் பல ஜோடி எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். நான்கைந்து நிமிடம் அதற்கே ஆகிறது. அசையாமல் படுக்கச் சொல்லித் திரும்பத் திரும்பக் கெஞ்சுவதும் அதனால்தான். வெண்பகுதியில் ஓட்டமே 20-தான், ரத்தம் வந்து சேரவும் தாமதமாகும். அங்கே காட்டும் எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

‘காத்திருக்கும் நேரம்’ என்கிறீர்களே, அதை யார் முடிவு செய்வது?

ஸ்கேன் எடுப்பவர்தான். எனக்குத் தெரிந்து இந்தப் பரிசோதனையில் தவறு நுழைய மிகப் பெரிய வாசல் இதுதான். சீக்கிரம் படம் எடுத்தால் ரத்தம் இன்னும் பாதி வழியில் இருக்கும். தாமதமாக எடுத்தால் ரத்தம் வந்திருக்கும், அடையாளம் தேய்ந்திருக்கும். மேலே சொன்ன 2015 பரிந்துரை, 70 வயதுக்குக் கீழ் உள்ள ஆரோக்கியமானவர்களுக்கு 1.8 நொடி, அதற்கு மேற்பட்டவர்களுக்கும் நோயாளிகளுக்கும் 2 நொடி, குழந்தைகளுக்கு 1.5 நொடி என்கிறது. மூன்று பேருக்கும் ஒரே அமைப்பில் எடுத்துவிட்டு, ‘பெரியவருக்கு மூளையில் ரத்தம் ரொம்பக் குறைவு’ என்று எழுதுவது நடக்கிற கதைதான்.

படத்தில் ஒரு பக்கம் கறுப்பாக இருக்கிறது. அங்கே ரத்தமே போகவில்லையா?

அவசரப்படாதீர்கள். கறுப்பு என்றால், படம் எடுத்த நொடியில் அடையாளமிட்ட ரத்தம் அங்கே இல்லை. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, உண்மையிலேயே ஓட்டம் குறைவு. இரண்டு, ரத்தம் வருகிறது, ஆனால் தாமதமாக. கழுத்துத் தமனியில் அடைப்பு இருந்தால் ரத்தம் சுற்றுவழியில் வரும். அப்போது படத்தை உற்றுப் பார்த்தால் கறுப்புக்குப் பக்கத்திலேயே, மூளை மடிப்புகளின் ஓரத்தில், நெளிநெளியாகப் பளிச்சென்ற கோடுகள் தெரியும். அடையாளமிட்ட ரத்தம் குழாயிலேயே நின்றுகொண்டிருப்பதுதான் அந்தப் பளிச். கறுப்பும் பளிச்சும் சேர்ந்து இருந்தால் ‘இல்லை’ என்பதைவிட ‘இன்னும் வரவில்லை’ என்றே படிக்க வேண்டும். சுற்றுவழி வேலை செய்கிறது என்பதால் அது பல சமயம் ஆறுதலான செய்தியும்கூட. காத்திருக்கும் நேரத்தைப் பலவாக வைத்து எடுத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

மூன்றாவதில் நோயே இல்லை. கழுத்தில் அடையாளமிடும்போதே ஒரு பக்கம் கோட்டை விட்டிருப்பார்கள். பல்லுக்குக் கட்டிய கம்பி, கழுத்தெலும்பில் போட்ட ஸ்க்ரூ, தமனியில் வைத்த ஸ்டென்ட், இவற்றில் ஏதாவது ஒன்று காந்தப்புலத்தைக் கெடுத்தாலோ, தமனி இயல்பாகவே வளைந்து நெளிந்திருந்தாலோ அந்தத் தமனியில் அடையாளம் விழாது. அது ரத்தம் தரும் பகுதி முழுவதும் ஒரே சீராக, கத்தரித்து வைத்ததுபோல் கறுத்திருக்கும். ஆளோ நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், ஆஞ்சியோவும் சுத்தமாக இருக்கும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அடையாளமிட்ட இடத்தைத்தான்.

பக்கவாதத்தில் இது எந்த அளவுக்கு உதவுகிறது?

சாகிற திசுவையும் காப்பாற்றக்கூடிய திசுவையும் பிரித்துக் காட்டுகிறது. ஏற்கெனவே சேதமான பகுதியை எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படம் காட்டும். ரத்தம் தாமதமாகும் பகுதியைப் பெர்ஃப்யூஷன் காட்டும். பின்னது பெரியதாகவும் முன்னது சிறியதாகவும் இருந்தால், இடையில் உள்ளதைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

2018-ல் வெளியான டிஃப்யூஸ் 3 என்ற ஆய்வு இதை வைத்தே நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தது. பக்கவாதம் வந்து 6 முதல் 16 மணி நேரம் ஆனவர்கள், 182 பேர். குழாய் வழியாக ரத்தக்கட்டியை எடுத்தவர்களில் 45 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு வந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 17 சதவீதம். அதற்கு முன் ஆறு மணி நேரம் தாண்டினால் பெரும்பாலும் கைவிரித்துவிடுவார்கள். ஆனால் அந்த ஆய்வில் பயன்பட்டது கான்ட்ராஸ்ட் முறைதான், எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேனில். நெருக்கடி நேரத்தில் வேகமாகக் கிடைக்கும் சி.டி. ஸ்கேனே பல இடங்களில் முந்திக்கொள்கிறது. அதில் தவறில்லை.

ஒற்றைத் தலைவலிக்கு முன் சிலருக்குக் கை மரத்து, பேச்சு குழறும். பக்கவாதம் போலவே இருக்கும். அங்கேயும் ரத்தம் குறைந்து தெரியலாம். ஆனால் அந்தக் குறைவு ஒரு தமனியின் எல்லைக்குள் அடங்காமல் பக்கத்துத் தமனியின் பகுதிக்குள்ளும் பரவி நிற்கும்.

வேறு எந்த நோய்களில் எடுக்கிறார்கள்?

கட்டிகளில் நிறைய. வேகமாக வளரும் கட்டி புதுப்புது ரத்தக் குழாய்களை உண்டாக்கிக்கொள்ளும் என்பதால் பளிச்சென்று தெரியும். கதிரியக்க சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பழைய இடத்தில் ஏதோ வளர்வதுபோல் தெரிந்தால், கட்டி திரும்பியதா, கதிர் பட்டு வெந்த திசுவா என்ற கேள்வி வரும். ரத்தம் அதிகம் என்றால் முதலாவதன் பக்கம் சாயும், குறைவு என்றால் இரண்டாவதன் பக்கம். சாயும் என்றுதான் சொல்கிறேன், தீர்ப்பு இல்லை.

வலிப்பு வந்துகொண்டிருக்கும்போதோ முடிந்த உடனேயோ எடுத்தால், தொடங்கிய இடத்தில் ஓட்டம் கூடியிருக்கும். நாள் கழித்து எடுத்தால் அதே இடத்தில் குறைந்திருக்கலாம். எப்போது கடைசியாக வலிப்பு வந்தது என்று சொல்லாமல் அனுப்பினால் படிப்பவர் தடுமாறுவார். அல்சைமர் நோயில் மூளையின் பின்-நடுப் பகுதியிலும் பக்கவாட்டு மேற்பகுதியிலும் குறையும்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. அடையாளம் சிரைக்குப் போய்ச் சேர்வதற்குள் தேய்ந்துவிடும் என்பதால் ஏ.எஸ்.எல். படத்தில் சிரைகள் தெரியவே கூடாது. ஒரு சிரை பளிச்சென்று தெரிந்தால், தமனி ரத்தம் திசுவுக்குள் நுழையாமல் குறுக்குவழியில் அதில் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். மற்ற படங்களில் எளிதில் தப்பிவிடும் கோளாறு இது.

எஃப்.எம்.ஆர்.ஐ. என்பதும் இதுவும் ஒன்றா?

உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. 1990-ல் செய்ஜி ஒகாவா கண்டு சொன்னதுபோல், ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் கெடுக்கும். மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்கே புது ரத்தம் பாய்ந்து, அந்தக் கெடுதல் குறைந்து, சிக்னல் சற்றுக் கூடும். எஃப்.எம்.ஆர்.ஐ. காட்டுவது அந்தக் கூடுதலை. ஓட்டம், ரத்தக் கொள்ளளவு, ஆக்சிஜன் செலவு மூன்றும் அதில் கலந்திருக்கும். பிரித்து ‘52’ என்று ஓர் எண் சொல்ல முடியாது.

ஸ்கேனுக்கு முன் காபி குடிக்கலாமா?

வேண்டாம். காஃபீன் மூளை ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஓட்டத்தைக் கால் பங்கு வரைகூடக் குறைக்கும். தினமும் மூன்று டம்ளர் ஃபில்டர் காபி குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினாலோ ஓட்டம் எதிர்ப்பக்கம் கூடிவிடும். காபி குடிக்காத நாளின் தலைவலி அதோடு சேர்ந்ததுதான். அதனால் உங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுங்கள். இரண்டாம் முறை எடுக்க வந்தால் முதல் முறை எப்படி வந்தீர்களோ அப்படியே வாருங்கள்.

மூச்சும் கணக்கில் வரும். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து மூளைக்கான ஓட்டமும் குறையும். ரத்தசோகை இருந்தால் ஓட்டம் கூடும்; அதோடு அடையாளம் தேயும் வேகமும் மாறுவதால், மெஷின் அதை இன்னும் கூட்டிக் காட்டும். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படிப் பார்த்தால் ஹீமோகுளோபின் அளவை விண்ணப்பத்தில் எழுதுவது நம் ஊரில் கட்டாயமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் எழுதுவதில்லை.

தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள். தங்கம் காந்தத்தில் ஒட்டாதே?

ஒட்டாதுதான். ஆனால் நகைத் தங்கத்தில் வேறு உலோகங்கள் கலந்திருக்கும், கொக்கியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூடிய சங்கிலி ரேடியோ அலையில் சூடாகவும் கூடும். இந்தப் பரிசோதனைக்கு இன்னொரு காரணமும் உண்டு: அடையாளமிடுவதே கழுத்தில்தான். மனசு கேட்காதவர்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். உலோகம் கோக்காத வெறும் கயிறாக இருந்தால் பிரச்சினை இல்லை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி, கைக்குழந்தை?

கடோலினியம் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டிய மருந்து. சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் சில பழைய வகை மருந்துகள் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக வைத்த சம்பவங்கள் உண்டு; இப்போதைய வகைகளில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. கர்ப்பிணிகளுக்கு மிக அவசியம் என்றால் தவிர ஊசி போட மாட்டார்கள். இந்த எல்லோருக்கும் ஏ.எஸ்.எல். தோதானது. குழந்தைகளுக்கு இன்னும் தோது: ஓட்டம் அதிகம், தூரம் குறைவு, சிக்னல் நன்றாக இருக்கும். தூங்க வைப்பதுதான் பாடு.

ஒரு சென்டரில் 48, இன்னொன்றில் 61. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஒரே ஆளை ஒரே மெஷினில் இரண்டு நாள் எடுத்தாலே 10 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். மெஷின் மாறி, காத்திருக்கும் நேரமும் மாறினால் அதற்கும் மேல். அதனால் மொத்த எண்ணைவிட, ஒரே படத்தில் இடதும் வலதும் எப்படி இருக்கின்றன என்பதற்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும். தொடர்ந்து பார்க்க வேண்டிய நோய் என்றால் முடிந்தவரை அதே சென்டர், அதே மெஷின்.

ஃபிலிம் கையில் இருக்கிறது. படங்கள் பதிந்த சி.டி. தட்டும் வாங்க வேண்டுமா?

வாங்குங்கள். ஃபிலிமில் இருப்பது வண்ணம் பூசிய முடிவு மட்டும். எத்தனை நொடி காத்திருந்தார்கள், எத்தனை டெஸ்லா, கழிப்பதற்கு முந்தைய படங்கள் ஆகியவை டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்புகளாகச் சி.டி.யில் இருந்தால்தான் வேறொரு டாக்டர் அதைத் திறந்து சரிபார்க்க முடியும். கேட்கும்போது ‘பெர்ஃப்யூஷனின் மூலப் படங்களும் வேண்டும்’ என்று சேர்த்துக் கேளுங்கள். சொல்லாவிட்டால் பல இடங்களில் வண்ணப் படத்தை மட்டும் ஏற்றிக் கொடுத்துவிடுவார்கள்.